கண்ணாடி போட்டவர் விமானி ஆக முடியாதா? கைவிட்ட கனவு வேலைகளுக்கு நாம் சொல்லும் காரணங்கள்

#1 – முகில்வண்ணன்

ஆசைப்பட்டும் போகாத வேலை எது என்ற கேள்விக்கு இரண்டு நாட்களாக இங்கே பலர் பதில் எழுதி வருகிறார்கள். அவற்றுள் காற்றாடி என்ற உறுப்பினர் எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அதனால் தனி இழையாகத் தொடங்குகிறேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: “விமானி ஆவதே சிறு வயது முதல் என் கனவு. பதினான்கு வயதில் கண்ணாடி போட்டார்கள். கனவு அன்றோடு முடிந்தது.” அதன் கீழே வரிசையாக அனுதாபம். கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று யார் சொன்னது என ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் 22 ஆண்டுகளாகக் கண் பரிசோதகராக இருக்கிறேன். விமானிகளின் கண்களையும் பரிசோதித்திருக்கிறேன். அவர்களுள் கண்ணாடி அணிந்தவர்கள் பலர். ஐகாவோ எனப்படும் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் விதிகளில் முதலாம் இணைப்பு என்று ஒன்று உண்டு. பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு அது கேட்பது ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6. (6/9 என்றால், இயல்பான கண் 9 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டரிலிருந்து படிப்பது. கீழ் எண் கூடினால் பார்வை குறைவு.) கண்ணாடியுடன் அந்த அளவு வந்தாலும் போதும். கண்ணாடியைக் கழற்றினால் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு அதில் வரம்பே இல்லை. கழற்றிய நிலையில் பார்வை 6/60க்கும் கீழே இருந்தால் முழுமையான கண் மருத்துவ அறிக்கை தர வேண்டும். பறக்கும்போது கைக்கெட்டும் இடத்தில் ஒரு மாற்றுக் கண்ணாடி வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கனவைக் கைவிட்டவர்கள் கைவிட்டோம் என்று சொல்லட்டும். மூக்கின் மேல் இருக்கும் பொருளின் மீது பழியைப் போட வேண்டாம்.

#2 – காற்றாடி

நான் எழுதியது மூன்று வரி. எனக்குப் பதினான்கு வயதானது 1990களின் தொடக்கத்தில். கண்ணாடி போட்டவனை விமானத்தின் பக்கத்தில்கூட விடமாட்டார்கள் என்று அன்று எனக்குச் சொன்னவர் நான் மிகவும் மதித்த ஓர் ஆசிரியர். நான் நம்பினேன். வேறு யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

#3 – முகில்வண்ணன்

அப்படியானால் நான் சொன்னதை நீங்களே உறுதிப்படுத்திவிட்டீர்கள். உங்களைத் தடுத்தது கண்ணாடி அன்று. விசாரிக்காமல் நம்பிய ஒரு சொல். இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மூன்று வரியைப் படிக்கும் இன்றைய பதினான்கு வயதுப் பிள்ளையும் அதே பொய்யை நம்பும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

#4 – வழக்குரை

முகில்வண்ணன் அவர்களே, உங்கள் விதி எண்களோடு ஒரு வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இரட்டைச் சகோதரிகள் இருவர் இருந்தார்கள். இருவருக்கும் கடுமையான கிட்டப்பார்வை. அங்கே வழங்கும் அடிக் கணக்கில், கண்ணாடி இல்லாமல் வலக்கண்ணில் 20/200, இடக்கண்ணில் 20/400, கண்ணாடியுடன் 20/20. இருவரும் உரிமம் பெற்றுச் சிறிய விமான நிறுவனங்களில் விமானிகளாக வேலை பார்த்தவர்கள். 1992இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார்கள். அந்த நிறுவனம் கண்ணாடி இல்லாமல் 20/100 இருக்க வேண்டும் என்று கேட்டது. இருவரையும் திருப்பி அனுப்பியது. அவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1999 ஜூன் 22 அன்று ஏழு நீதிபதிகளுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் சகோதரிகள் தோற்றார்கள். சட்டன் எதிர் யுனைடெட் ஏர்லைன்ஸ் என்பது அந்த வழக்கின் பெயர். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

கண்ணாடி யாரையும் தடுக்கவில்லை என்று அந்த இரண்டு பெண்களிடம் சொல்ல முடியுமா? அவர்கள் விசாரிக்காமல் விட்டவர்கள் அல்லர். உச்ச நீதிமன்றம் வரை விசாரித்தவர்கள்.

#5 – முகில்வண்ணன்

வழக்கை அறிவேன். நீங்கள் எழுதியதிலேயே உங்களுக்கான பதில் இருக்கிறது. “இருவரும் உரிமம் பெற்று விமானிகளாக வேலை பார்த்தவர்கள்” என்று எழுதியவர் நீங்கள். கடுமையான கிட்டப்பார்வையோடு அவர்கள் விமானிகளாக இருந்தார்களா, இல்லையா? இருந்தார்கள். காற்றாடி சொன்னது பெரிய நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை என்பதன்று. விமானியாகவே ஆக முடியாமல் போனது என்பது. உங்கள் வழக்கு என் பக்கம் பேசுகிறது.

#6 – வழக்குரை

தலைப்பைப் படியுங்கள். கனவு வேலை என்கிறோம். உரிமம் என்பது ஒரு தாள். வேலை என்பது ஒருவர் உங்களை அழைத்து இந்த விமானத்தை ஓட்டுங்கள் என்று சொல்வது. உரிமத்தைப் பெட்டியில் வைத்திருப்பவரைக் கனவு நிறைவேறியவர் என்று சொல்வீர்களா?

#7 – முகில்வண்ணன்

அவர்கள் பெட்டியில் வைத்திருக்கவில்லை. பறந்தார்கள். சம்பளம் வாங்கினார்கள். மீண்டும் கேட்கிறேன்: கண்ணாடி அணிந்த அந்த இருவரும் விமானிகளா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் போதும்.

#8 – இரவுப்பயணி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ரயில் ஓட்டுநர் ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தது. இன்றும் இருக்கிறது. பத்தொன்பது வயதில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். புள்ளிகளால் ஆன இஷிஹாரா படங்களை வரிசையாகக் காட்டினார்கள். முதல் படத்தில் 12 தெரிந்தது; அது எல்லாருக்கும் தெரியும் படம் என்று பிறகுதான் அறிந்தேன். அடுத்த படங்களில் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. பரிசோதித்தவர் ஒன்றும் பேசாமல் ஏட்டை மூடினார். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது என்பது அந்த அறையில்தான் எனக்கே தெரிய வந்தது.

யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. 1875இல் சுவீடனின் லாகர்லுண்டா என்னும் இடத்தில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு, ஹோம்கிரன் என்ற உடலியல் அறிஞர் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியர்களைச் சோதிக்கும் முறையை ஏற்படுத்தினார். சமிக்ஞை விளக்கின் நிறம் தெரியாதவனை இயந்திரத்தில் ஏற்றக் கூடாது என்பது நியாயமான விதிதான். ஆயிரம் பேரின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் உடல் ஒரு கனவை முடித்துவைக்கும் என்பது உண்மையே. சாக்கு சொல்கிறோம் என்ற பேச்சைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது.

#9 – முகில்வண்ணன்

இரவுப்பயணி, உங்கள் நிலை வேறு. நிறப்பார்வைக் குறையைக் கண்ணாடி போட்டுத் திருத்த முடியாது, கிட்டப்பார்வையைத் திருத்தலாம். ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாட்டில் ஏதோ ஒரு குறை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். மக்களுக்கு மக்கள் அந்த அளவு மாறும். விமானத் துறையில் இஷிஹாராவில் தவறியவருக்கு வண்ண விளக்குகளைக் காட்டி நிறம் கேட்கும் லாந்தர் சோதனை போன்ற இரண்டாம் வாய்ப்புகள் உண்டு. ரயில் துறை அத்தனை இரக்கம் காட்டுவதில்லை. நான் பேசுவது நிறத்தைப் பற்றி அன்று. கண்ணாடியைப் பற்றி. தயவுசெய்து இரண்டையும் குழப்ப வேண்டாம்.

#10 – கடலோசை

ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய ஏமாற்றத்தை எழுதுகிறார். அதற்கு முகில்வண்ணன் அவர்களின் பதில், “குழப்ப வேண்டாம்.” இதே குரலை நான் சென்ற ஆண்டு தொலைநோக்கி பற்றிய இழையிலும் கேட்டேன். லென்சின் விட்டத்தை நான் ஓரிடத்தில் தவறாக எழுதியதற்காக ஒன்பது பதிவுகள் எழுதி என்னைத் திருத்தியவர் இவர். திருத்தம் சரிதான், ஒன்பது முறை எதற்கு?

என் கனவு கடல் உயிரியல். பவளப்பாறைகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று பள்ளியிலேயே தீர்மானித்திருந்தேன். பதினேழு வயதில் அப்பா இறந்தார். எனக்குக் கீழே இருவர். மறு மாதமே கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. முதலாம் இணைப்பில் அப்பாவின் இறப்பு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?

#11 – முகில்வண்ணன்

கடலோசை அம்மா, உங்கள் அப்பாவைப் பற்றி அறிந்து வருந்துகிறேன். உங்கள் காரணம் உண்மையான காரணம். அதை நான் எங்கும் மறுக்கவில்லை. கண்ணாடி உண்மையான காரணம் அன்று என்பது மட்டுமே என் வாதம். தொலைநோக்கி இழையில் ஏழு பதிவுகள், ஒன்பது அல்ல.

#12 – கடலோசை

ஒன்பது. இப்போதுதான் எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

#13 – வெண்சங்கு

எனக்கு இந்த இழையின் அடிப்படையே பிடிக்கவில்லை. ஆசைப்பட்ட வேலைக்குப் போகாதவர்கள் எல்லாரும் எதையோ இழந்தவர்கள் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? நான் கால்நடை மருத்துவர் ஆக விரும்பினேன். பதினாறு வயதில் ஒரு விடுமுறை முழுவதும் ஒரு கால்நடை மருத்துவருக்கு உதவியாளராக இருந்தேன். நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொள்வதுதான் அந்த வேலை என்று எண்ணியிருந்தவளுக்கு, கன்று குறுக்கே கிடக்கும் பசுவின் கருப்பைக்குள் தோள் வரை கையை விட்டுத் திருப்புவதும், பிழைக்காது என்று தெரிந்த விலங்குக்கு ஊசி போட்டு முடித்துவைப்பதும், பிறகு அதன் உரிமையாளரின் முகத்தைப் பார்ப்பதும் அந்த வேலைதான் என்று புரிந்தது. இரண்டாவது வாரத்தில் எனக்கு அது வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. நான் விரும்பியது வேலையை அன்று. அந்த வேலையில் இருக்கும் என்னைப் பற்றிய ஒரு படத்தை.

காற்றாடி அவர்களும் விமானத்தை விரும்பினாரா, விமானியின் சீருடையை விரும்பினாரா என்று அவரே யோசித்துப் பார்க்கலாம். நீண்ட தூர விமானி இரவு முழுவதும் கருவிகளைக் கண்காணித்தபடி அமர்ந்திருக்கிறார். பெரும்பாலான நேரம் தானியங்கி ஓட்டுகிறது.

#14 – காற்றாடி

வெண்சங்கு அம்மா, நான் சீருடையை விரும்பவில்லை. தரையிறங்கும் விமானத்தின் இறக்கையில் பின்னோரத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதை எட்டு வயதில் சன்னல் வழியாகப் பார்த்தேன். அது ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வேகம் குறையும்போதும் விமானத்தைத் தாங்கும் அளவுக்கு ஏற்றவிசை கிடைக்க வேண்டும் என்பதற்காக என்று பத்து வயதில் நானே ஒரு நூலில் கண்டுபிடித்தேன். எனக்குள் இருந்தது எது என்பதை முடிவு செய்ய உங்களுக்கு இரண்டு வாரத் தொழுவ அனுபவம் போதாது.

#15 – வெண்சங்கு

நான் என்னைப் பற்றிச் சொன்னேன். உங்களைக் கேள்விதான் கேட்டேன். இவ்வளவு கோபம் வருகிறது என்றால் கேள்வி எங்கோ தைத்திருக்கிறது.

#16 – பழையவன்

விமானி என்றதும் எனக்கு வைலி போஸ்ட் நினைவுக்கு வருகிறார். எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்தபோது 1926இல் ஒரு விபத்தில் இடக்கண்ணை இழந்தவர். கிடைத்த இழப்பீட்டுத் தொகையில் தன் முதல் விமானத்தை வாங்கினார். ஒரு கண்ணோடு 1933 ஜூலையில் உலகைத் தனியாக விமானத்தில் சுற்றி வந்தார். 7 நாள் 18 மணி 49 நிமிடம். தனியாளாக அதைச் செய்த முதல் மனிதர். கண்ணை இழந்தவரே உலகைச் சுற்றினார். கண்ணாடிக்கு என்ன?

#17 – முகில்வண்ணன்

பழையவன் ஐயா, மிக்க நன்றி. இந்த இழையில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிகப் பொருத்தமான பதிவு இது. கண்ணாடி அணிந்தவருக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன.

#18 – கடலோசை

ஒரு வைலி போஸ்டைக் காட்டி ஆயிரம் பேரை அடிப்பது இந்த மன்றத்தின் பழக்கம். ஜேன் குடாலைக் காட்டி என்னையும் இப்படித்தான் அடித்தார்கள். பட்டம் இல்லாமலே 1960 ஜூலையில் கோம்பே காட்டுக்குள் போனார், சிம்பன்சிகளை ஆராய்ந்தார், பிறகு கேம்பிரிட்ஜில் நேராக முனைவர் பட்டம் வாங்கினார், உனக்கு என்ன தடை என்று கேட்டார்கள். அவர் உறுதியானவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லூயி லீக்கி என்ற புகழ்பெற்ற ஆய்வாளர் அவரைத் தேர்ந்தெடுத்து அதற்குரிய நிதியையும் திரட்டிக் கொடுத்தார். எனக்கு லீக்கி வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கடன்காரர்கள்.

#19 – பழையவன்

நான் யாரையும் அடிக்கவில்லை அம்மா. ஒரு செய்தியைப் பகிர்ந்தேன்.

#20 – வழக்குரை

பழையவன் ஐயா, 1926ஐயும் 1990களையும் ஒன்றாக்காதீர்கள். விமானப் பயணம் இளமையாக இருந்த காலத்தில் விதிகளும் இளகியிருந்தன. முகில்வண்ணன் அவர்களின் எண்கள் இன்றைய எண்கள். காற்றாடி பதினான்கு வயதில் இருந்த காலத்தில் அமெரிக்காவிலேயே முதல் வகுப்புச் சான்றுக்குக் கண்ணாடி இல்லாத பார்வைக்கு 20/100 என்ற வரம்பு இருந்தது. 1996இல்தான் அதை எடுத்தார்கள். அந்த ஆசிரியர் சொன்னது மிகைப்பட்டதாக இருக்கலாம்; முழுப் பொய் அன்று. கண்ணாடி போட்ட ஒரு மாணவனின் பவர் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தால், அன்றைய நிலையில் அவனை எச்சரிப்பது நியாயமே.

22 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 1996க்கு முன்னால் உலகம் இருந்தது தெரியாமல் போனது வியப்பு.

#21 – முகில்வண்ணன்

எனக்கு 1996 தெரியும். நான் சொல்லாததற்குக் காரணம், அது என் வாதத்தை மாற்றவில்லை. 20/100 என்பது மீட்டர் கணக்கில் 6/30. அந்த வரம்புக்குள் கண்ணாடி அணிந்த ஆயிரக்கணக்கானவர்கள் அடங்குவார்கள். ஒன்று, ஒன்றரை பவர் உள்ள ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தால் அந்த வரியைப் பெரும்பாலும் படித்துவிடுவார்; இதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஆகவே அன்றுங்கூடக் “கண்ணாடி போட்டவன் விமானி ஆக முடியாது” என்ற வாக்கியம் தவறு. “மிகுந்த பவர் உள்ளவருக்குச் சில இடங்களில் தடை இருந்தது” என்பதே சரி. காற்றாடி அவர்களே, பதினான்கு வயதில் உங்கள் பவர் என்ன?

#22 – கடலோசை

இப்போது மன்றத்தில் வைத்தே கண் பரிசோதனையா?

#23 – காற்றாடி

இரண்டே கால். பதினெட்டு வயதில் நான்கு. போதுமா?

#24 – முகில்வண்ணன்

இரண்டே கால் என்றால் கண்ணாடி இல்லாமல் 6/36 முதல் 6/60 வரை இருந்திருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். எல்லைக் கோட்டின் அருகில். விசாரித்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். அந்த வரம்பும் ஒரு நாட்டின் வரம்பு. உலகம் முழுவதற்கும் அதுவே என்று கொள்ள வேண்டியதில்லை.

#25 – வழக்குரை

எல்லைக் கோட்டுக்கு வெளியில் என்று எழுதுங்கள். 6/36 என்பது 6/30ஐ விடக் குறைவான பார்வை. உங்கள் சொந்தக் கணக்கின்படியே, நான் சொன்ன வரம்பை வைத்தால் அந்தப் பையனுக்கு அன்று தடை இருந்தது. இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நான் இழையை விட்டுப் போகிறேன்.

#26 – முகில்வண்ணன்

அந்த வரம்பு அவருடைய நாட்டில் இருந்தது என்பதை நீங்கள் நிறுவவில்லை. அவர் எந்த நாட்டில் இருந்தார் என்பதே நமக்குத் தெரியாது. நிறுவாத ஒன்றை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? நீதிமன்றத்தில் வாதாடுபவர் இதை என்னிடமிருந்து கேட்க வேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது.

#27 – நெறியாளர்

தனிப்பட்ட தாக்குதல்களைத் தவிர்க்கவும். பேசுபொருள், போகாமல் விட்ட கனவு வேலைகள்.

#28 – இரவுப்பயணி

பேசுபொருளுக்கே வருகிறேன். உளவியல் அறிஞர்கள் கிலோவிச்சும் மெட்வெக்கும் 1995இல் வெளியிட்ட கட்டுரையில், குறுகிய காலத்தில் செய்த தவறுகளுக்காக வருந்தும் மனிதர்கள் நீண்ட காலத்தில் செய்யாமல் விட்டவற்றுக்காகவே மிகுதியும் வருந்துகிறார்கள் என்று எழுதினார்கள். எனக்கு அது முழுதும் பொருந்தவில்லை. நான் போனேன், நிராகரிக்கப்பட்டேன். அதனால் எனக்குள் ஒரு கேள்வி மிச்சமில்லை. காற்றாடிக்குக் கேள்வி மிச்சம் இருக்கிறது. கடலோசை அம்மாவுக்கும் இருக்கிறது. எது பாரமானது என்று யாராவது சொல்ல முடியுமா?

#29 – முகில்வண்ணன்

நல்ல கட்டுரை. ஆனால் செய்யாமல் விட்டதற்கு எந்தக் காரணத்தை ஒருவர் தனக்குச் சொல்லிக்கொள்கிறார் என்பதே இங்கே கேள்வி. கண்ணாடி என்ற காரணம் செல்லாது என்று நான் ஐந்தாம் முறையாகச் சொல்கிறேன்.

#30 – கடலோசை

முகில்வண்ணன் அவர்களே, எல்லாருடைய காரணங்களையும் அளந்துவிட்டீர்கள். உங்கள் கனவு வேலை எது? அதை ஏன் செய்யவில்லை? இருபத்தொன்பது பதிவுகளுக்குள் ஒரு முறைகூட நீங்கள் அதைச் சொல்லவில்லை.

#31 – முகில்வண்ணன்

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வானியலாளர் ஆக விரும்பினேன். கல்லூரியில் கணிதம் எனக்கு வரவில்லை. இரண்டாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடுகளில் இரண்டு முறை தோற்றேன். எனக்குத் திறமை இல்லை என்று ஏற்றுக்கொண்டு ஒளியியலின் பக்கம் வந்தேன். லென்சுகளை நான் நேசிக்கிறேன். நான் யார் மீதும் எதன் மீதும் பழி போடவில்லை. எனக்கும் காற்றாடிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

#32 – கடலோசை

கணிதம் வராதது தடையா? வில்லியம் ஹெர்ஷல் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த இசைக்கலைஞர். 1781 மார்ச் 13 அன்று, 42 வயதில், தான் செய்த தொலைநோக்கியால் யுரேனசைக் கண்டார். அவர் பழைய காலத்தவர் என்பீர்கள். கரோலின் ஷூமேக்கர் நம் காலத்தவர். வரலாறும் அரசியலும் படித்தவர். அறிவியல் பட்டம் கிடையாது. பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகு 51 வயதில் வானத்தைப் பார்க்கத் தொடங்கி 32 வால்மீன்களைக் கண்டறிந்தார். 1994இல் வியாழனின் மீது மோதிய வால்மீனுக்கு அவர் பெயரும் இருக்கிறது. நீங்கள் விசாரித்தீர்களா? இரண்டு முறை தோற்றதும் நம்பிவிட்டீர்களா?

#33 – முகில்வண்ணன்

இது சிறிதும் ஒப்பில்லாதது. ஷூமேக்கரின் கணவர் புகழ்பெற்ற நிலவியலாளர். பாலமர் வானாய்வகத்தின் தொலைநோக்கி அவர்களுக்குக் கிடைத்தது. அத்தகைய வாய்ப்பு எத்தனை பேருக்கு வரும்?

#34 – கடலோசை

லீக்கியைப் பற்றி நான் எழுதியதும் இதையேதான்.

#35 – முகில்வண்ணன்

லீக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்கவே இல்லை. #11ஐப் பாருங்கள். என் கனவை இந்த இழைக்குள் இழுத்தது நீங்கள். நான் அதைக் காரணமாகக் காட்டி யாரிடமும் அனுதாபம் கேட்கவில்லை. கணிதத்தில் தோற்றதற்கு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. கண்ணாடியால் தோற்றதற்குக் காற்றாடியிடம் ஒரு நிராகரிப்புக் கடிதமாவது இருக்கிறதா?

#36 – வெண்சங்கு

மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

#37 – வழக்குரை

சட்டன் வழக்குக்குத் திரும்புகிறேன், ஏனெனில் ஒரு செய்தி விடுபட்டுவிட்டது. அந்த வழக்கு உடற்குறையுள்ளோரைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழ் தொடுத்தது. 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மருந்தாலோ கருவியாலோ சரிசெய்த நிலையை வைத்து ஒருவரின் குறைபாட்டை அளக்கக் கூடாது என்று எழுதியது. ஆனால் சாதாரணக் கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்சுக்கும் அந்தச் சலுகை இல்லை என்று விலக்கியும் வைத்தது. அதே சமயம், கண்ணாடி இல்லாத பார்வையை ஒரு தகுதியாகக் கேட்கும் நிறுவனம் அந்த வேலைக்கு அது உண்மையிலேயே தேவை என்று காட்ட வேண்டும் என்றும் சேர்த்தது. கண்ணாடி யாரையும் தடுக்கவில்லை என்றால், ஒரு நாடாளுமன்றம் 2008இல் கண்ணாடியைப் பற்றித் தனியாக எழுத வேண்டிய தேவை என்ன?

#38 – முகில்வண்ணன்

வேலை தரும் நிறுவனங்களின் பிடிவாதத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. மருத்துவ விதியைப் பற்றி அன்று. #7இல் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தச் சகோதரிகள் விமானிகளா, இல்லையா?

#39 – வழக்குரை

#25இல் நான் கேட்டதற்கு நீங்களும் சொல்லவில்லை.

#40 – பழையவன்

விண்வெளி வீரர்களுக்குக்கூட நாசா 2007 முதல் லேசர் கண் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது. வாலி ஃபங்க் என்ற பெண்மணி 1961இல் விண்வெளி வீரர்களுக்குரிய மருத்துவச் சோதனைகளில் தேறியும் பெண் என்பதால் வாய்ப்பு பெறாதவர். 2021 ஜூலை 20 அன்று, 82 வயதில், ப்ளூ ஆரிஜின் விண்கலத்தில் போய் வந்தார். காலம் கடந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

#41 – இரவுப்பயணி

ஐயா, அவர் அறுபது ஆண்டுகள் காத்திருந்து, சில நிமிடங்களுக்குப் பயணியாகப் போய் வந்தார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நானும் கண்டேன். ஆனால் அவர் விரும்பிய வேலை அதுவா?

#42 – முகில்வண்ணன்

வயது என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுப் பயணிகள் விமானத்தை இரண்டு விமானிகளாக ஓட்டுவதற்கு 65 வயது வரை அனுமதி உண்டு. காற்றாடியின் வயது என் கணிப்பில் நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பெரிய விமானத்தை விடுங்கள். தனியார் விமானி உரிமத்துக்கு மேல் வயது வரம்பே இல்லை. பன்னாட்டு விதிப்படி 40 மணி நேரப் பறப்பும் தேர்வுகளும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும் போதும். அந்தச் சான்றுக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/12, இரண்டும் சேர்ந்து 6/9, கண்ணாடியுடன். விதி இன்று மிகத் தெளிவாக இருக்கிறது. ஆசிரியர் சொன்னது தவறு என்று எந்த ஆண்டில் உங்களுக்குத் தெரிந்தது? தெரிந்த பிறகு விண்ணப்பித்தீர்களா? ஆம் அல்லது இல்லை.

#43 – கடலோசை

பதில் சொல்ல வேண்டாம், காற்றாடி. அவருக்கு இதைக் கேட்க உரிமை இல்லை.

#44 – காற்றாடி

சொல்கிறேன். முப்பத்தொன்றாவது வயதில் ஒரு பயணத்தின்போது, விமானத்திலிருந்து இறங்கும் வாசலில் விமானி நின்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். தடித்த கண்ணாடி, என்னுடையதைவிடத் தடித்தது. பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போகும் வரை நான் அங்கேயே நின்றேன். அப்போதுதான் தெரிந்தது.

விண்ணப்பிக்கவில்லை. அப்போது என் மகளுக்கு நான்கு மாதம்.

#45 – முகில்வண்ணன்

அப்படியானால் குழந்தை என்று எழுதியிருக்க வேண்டும். கண்ணாடி என்று எழுதியிருக்கக் கூடாது.

#46 – வழக்குரை

முப்பத்தொரு வயதில் குழந்தை. பதினான்கு வயதில் கண்ணாடி. அந்தப் பதினேழு ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

#47 – முகில்வண்ணன்

விசாரிக்காத கணக்கில். 6/9, கண்ணாடியுடன். வேண்டுமானால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே இணைக்கிறேன்.

#48 – காற்றாடி

இணைக்க வேண்டாம். முப்பத்தொன்றாம் வயதில் அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.